காத்திருப்போர் கேட்ட குழல்

இயற்பியல் பட்டத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிய பிறகு அவளுக்குக் கிடைத்தது, வாஷிங் மெஷின் புகார்களைப் போனில் கேட்கும் வேலை. நாள் முழுக்க ஏச்சுதான். மாலையில் பேருந்தில் இயர்போன் மாட்டிக் கேட்கும் ஒரு புல்லாங்குழல் இசைதான் அவளுக்கு மருந்து.

போனில் காத்திருப்பவர்களுக்கு என்ன இசை போடலாம் என்று மேலாளர் ஒருநாள் கேட்டார். இனி பகலெல்லாம் கேட்கலாம் என்ற ஆசையில் அந்தக் குழலையே கொடுத்தாள். அது காத்திருப்பவர் காதில் மட்டும்தான் ஒலிக்கும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் காதுக்கு வந்தது அதற்கு விழுந்த திட்டுதான்.

“அரை மணி நேரமா ஊதுறாங்க. யாரும்மா இதைப் போட்டது?”

“தெரியலைங்க சார்.”

அதன்பின் பேருந்தில் குழலைப் போட்டாலே தண்ணீர் ஒழுகும் மெஷின்கள் கண்ணுக்குள் வந்து நின்றன. இருந்த ஒரே ஆறுதலையும் ஆபீசுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்று மனசுக்குள் அழுதாள்.

அடுத்த வாரம் மெஷின் சுற்றவில்லை என்று ஓர் அம்மாள் கூப்பிட்டார். அவரைக் காத்திருக்க வைத்து, விவரம் பார்த்துத் திரும்பினாள்.

“நாளைக்கு ஆள் வருவாருங்கம்மா.”

“வரட்டும். நீ ஏம்மா அதுக்குள்ள வந்துட்ட? குழல் இப்பதான் களைகட்டுச்சு. மறுபடி போடேன்.”

“பேசி முடிச்சாச்சேம்மா.”

“நீ பேசறதுக்கு அது எவ்வளவோ தேவலை.”

அவள் சிரித்துக்கொண்டே காத்திருப்புப் பொத்தானை மறுபடி அழுத்தினாள். கடவுள் புண்ணியத்தில் அன்று மாலை பேருந்தில் கேட்ட குழலில் மெஷின் எதுவும் ஒழுகவில்லை. அந்த அம்மாள்தான் பக்கத்து இருக்கையில் தலையாட்டிக்கொண்டு வருவதுபோல் இருந்தது.