கல்வட்டம் பார்த்த எஞ்சினியர்

ஒட்டுசுட்டானுக்கு அப்பால் எங்கள் குடியேற்றத்துக் குளத்தைத் திருத்த வந்த எஞ்சினியர் இங்கிலாந்தில் படித்தவர். நெடிய, ஒல்லியான மனிதர். கொதிக்கிற வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். எங்களோடு கதைக்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டார். தலைக்கு மேலால் காட்டைப் பார்த்துத்தான் கதைப்பார்.

ஒருநாள் தேத்தண்ணி குடித்தபடி, வட இங்கிலாந்தில் ஆடு மேயும் புல்வெளியொன்றில் வட்டமாக நிற்கும் பழைய கற்களைப் பற்றிச் சொன்னார்.

"ஆர் நட்டதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எண்டாலும் ஒரு கல்லை அசைக்க விடமாட்டாங்கள். நான் தொப்பியைக் கழட்டிப்போட்டு நிண்டனான்."

அந்த நேரம் அவருடைய ஆட்கள், குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் துருசு கட்டுவதற்காக, காட்டுக்குள் இடிந்துகிடந்த கோயிலின் தூண்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் விளக்கு வைக்கிற இடம் அது.

"அப்ப இந்தத் தூணுகளை ஏன் ஐயா உடைக்கிறியள்?" என்று கேட்டேன்.

"அது சரித்திரம். இது காட்டுக்கல்," என்றார். "உமக்குத் தண்ணி வேணுமோ, தூண் வேணுமோ?"

அந்தத் துருசு இன்றுவரை ஒழுகியதில்லை, ஆள் கெட்டிக்காரன்தான். அதால் வருகிற தண்ணீரில்தான் என் வயலும் விளைகிறது. ஆனாலும் அவரை நினைத்தால் வாய் கசக்கிறது. பிறத்தியாருடைய கல்லுக்கு முன்னால் அப்படி நின்றவருக்கு, எங்கள் கல்லை ஒருதரம் வந்து பார்க்கவும் ஏன் மனம் வரவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.