அக்காவின் விசிறியும் ஏலத்தில் போன எந்திரமும்

இந்த நினைவு மலருக்கு அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி கேட்ட அவருடைய மூத்த மகன், "நல்லதா நாலு வார்த்த எழுதுங்க சின்னம்மா" என்றான். நான் கெட்டதாக எழுதிவிடுவேனோ என்று அவனுக்குப் பயம். பயப்பட வேண்டியதுதான். அக்கா இருந்தவரை அவர் முகத்துக்கு நேரே நான் பேசாத பேச்சில்லை. முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்கள் எல்லோருக்கும் அது தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது காடாம்புலியூரில். எங்களுக்கென்று ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. அப்பா முந்திரித் தோப்புகளில் கூலி வேலை பார்த்தார். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று முந்திரி உடைக்கப் போனார். நான் எட்டாவது வரை படித்தேன். அக்கா உடைத்த முந்திரிதான் என்னைப் படிக்க வைத்தது. அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவருக்கும் சேர்த்து ஊரார் சொல்லிக் காட்டினார்கள். கொட்டையின் எண்ணெய் பட்டு அவர் விரல் நுனிகள் கறுத்து வெந்து கிடக்கும். ஆனால் அந்த விரல்களுக்கு ஒரு வித்தை வந்துவிட்டது. பருப்பைத் தொட்டதுமே முழுசா, உள்ளே விரிசல் விட்டதா என்று கண்ணால் பார்க்காமலே சொல்லிவிடுவார்.

ஐம்பதுகளின் கடைசியில் அக்கா கல்யாணமாகி நெய்வேலிக்குப் போனார். அப்போது அங்கே செம்மண்ணும் பாதி கட்டிய பிளாக்குகளும்தான். மாமா ஆபீசில் கிளார்க், பர்மனென்ட். சில வருடம் கழித்து நானும் வாழ்க்கைப்பட்டு அங்கேயே போய்ச் சேர்ந்தேன். எங்கள் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. அக்காவுக்குக் குழாயும் கரண்டும் உள்ள குவார்ட்டர்ஸ். எனக்கு டவுன்ஷிப்புக்கு வெளியே ஓலைக் கூரை. கூடப் பிறந்தவள் நன்றாக இருக்கிறாள் என்று சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பீர்கள். சொல்வது சுலபம்.

அந்த நாளில் வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர்கள் ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஏலத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு ஷெட்டில் நடக்கும். எல்லோரும் மேஜை, நாற்காலி, மின்விசிறி என்று பார்த்து எடுப்பார்கள். அக்கா மட்டும் பீங்கானையும் தகரப் பொம்மைகளையும் தேடுவார். ஒரு கோப்பையை வெயிலுக்குக் காட்டி, நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, விளிம்பில் விரலை ஒரு சுற்று ஓட்டினால் போதும். கீறலோ ஒட்டுப் போட்டதோ அவரிடம் தப்பாது. அப்படிச் சேர்ந்தவைதான் அவர் முன்னறைக் கண்ணாடி அலமாரியில் நீங்கள் பார்த்திருக்கும் நீலப் பூப் போட்ட கப்பு செட், மான் தலை போட்ட ஜாடி, யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாட்டனார் காலத்துக் கடிகாரம், தகரத்தில் செய்த பஸ், உள்ளங்கை அகலத் தீயணைப்பு வண்டி எல்லாம். காடாம்புலியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அந்த அலமாரிக்குத்தான் போவார்கள். நேரமிருந்தால் என் வீட்டுக்கு வருவார்கள். வந்தும் அலமாரியைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்குப் பற்றி எரியும்.

பெண்கள் வாய் திறந்து ஏலம் கேட்கிற காலமா அது? ஆண்கள் மேஜையைச் சுற்றி நிற்பார்கள். நாங்கள் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். அதற்காக அக்காவும் மாமாவும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். அக்கா கையில் பனையோலை விசிறி இருக்கும். அவர் விசிறிக்கொண்டிருந்தால் மாமா விலையை ஏற்ற வேண்டும். மடியில் வைத்துவிட்டால் விட்டுவிட வேண்டும். மாமாவுக்குப் பீங்கானும் தெரியாது, தகரமும் தெரியாது. விசிறி ஒன்றுதான் தெரியும். இந்த ரகசியம் அவர்கள் இருவரையும் விட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு ஜெர்மன்காரர் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. முதல் நாளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அதில் ஒரு முழ நீளத்துக்கு இரும்பில் செய்த எந்திரம் ஒன்று இருந்தது. மைன்ஸில் மண் வெட்டுகிற ராட்சத எந்திரமேதான், பொம்மை அளவில். முன்னால் பெரிய சக்கரம், அதைச் சுற்றிலும் வாளிகள். கையால் தள்ளினால் சுற்றும். எங்கள் வீட்டுக்காரர் காதில் செருகியிருந்த தீக்குச்சியை எடுத்து அதன் அடியில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். "தோ, இங்கதான் நிக்கறேன் நானு. பெல்ட்டுலருந்து மண்ணு சிந்தும் பாரு, அத அள்ளிப் போட்டுகினே இருக்கணும்."

கல்யாணமாகி நான்கு வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் வேலை செய்யும் இடத்தை நான் பார்த்தேன். மைன்ஸுக்குள் எங்களையெல்லாம் யார் விட்டார்கள்? அவர் ஷிப்ட் போயிருக்கிற நேரத்தில் சைரன் சத்தம் கொஞ்சம் மாறிக் கேட்டாலும் வாசலுக்கு ஓடி வந்து நிற்பேன். தலைக்கு மேலே என்ன சுற்றுகிறது, அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரிந்தாலாவது மனசு ஒரு நிலையில் இருக்குமே என்று தோன்றியது. எனக்கு வாழ்க்கையிலேயே வேண்டும் என்று தோன்றிய பொருள் அது ஒன்றுதான். அங்கேயே, கூட வந்திருந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, நீ என்னா வேணா எடுத்துக்க. இத மட்டும் எனக்கு வுட்டுடு."

"எனக்கு எதுக்குடி இந்த இரும்பு? கப்பு செட்டு போதும் எனக்கு" என்றார்.

மறுநாள் ஏலம் கூறியவர் குள்ளஞ்சாவடிச் சந்தையில் கூவிப் பழகியவர். பீங்கான் ஜாடியையும் மாடு விற்கிற மாதிரியே விற்பார். "நாலா பக்கமும் தட்டிப் பாத்துக்குங்க, வூட்டுக்கு ஓட்டிகினு போயி குறை சொல்லக் கூடாது!" அக்கா நினைத்தபடியே கப்பு செட் அவருக்கு வந்தது. அடுத்து எந்திரம். எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விடுகிறேன், மாமா குரல் கேட்கிறது. இவர் ஏற்றினார். மாமாவும் ஏற்றினார். "சகலையும் சகலையும் மோதிக்கிறாங்கடோய்!" என்று கூட்டம் சிரித்தது.

திரும்பிப் பார்த்தேன். விசிறி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு வயது நிரம்பாத என் மகன் அக்கா மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குத்தான் விசிறிக்கொண்டிருந்தார்.

"அக்கா, விசிறிய கீழ வையி."

"புள்ளைக்கு வேர்க்குதுடி."

"அப்ப என்கிட்ட குடு, நான் விசிறறேன்."

அக்கா விசிறியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அங்கே ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் முடிந்துபோனது. எங்கள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டார். ஆபீசைத் தவிர வேறெதையும் பார்த்திராத மாமா வீட்டு அலமாரிக்கு எங்கள் மைன்ஸ் எந்திரம் போய்ச் சேர்ந்தது.

நான்காம் நாள் அக்கா அதை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "புள்ளைக்கு விசிறுனத பாத்து ஒங்க மாமா ஏத்திட்டாரு. இந்தா, எடுத்துக்க" என்றார். நான் வாசலை விட்டு நகரவில்லை. "ஏலத்துல எடுத்தவங்களே வச்சிக்கட்டும். என் வூட்டுல அலமாரி இல்ல" என்றேன். அந்தத் தீபாவளிக்கு அவர் அனுப்பிய பலகாரத்தைத் தட்டோடு திருப்பி அனுப்பினேன். அவர் வேண்டுமென்றேதான் விசிறினார் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்தேன். பாதிப் பேர் நம்பவில்லை. அக்காவையாவது, அப்படி நினைப்பதாவது என்று எனக்கே புத்தி சொன்னார்கள். அதில் இன்னும் எரிந்தது.

அவருடைய நல்ல குணங்களையும் சொல்லத்தானே வேண்டும். பிளாக்கில் யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும் அக்காவின் நீலப் பூ கப்புகள் அந்த வீட்டுக்குப் போகும். உடைந்து திரும்பினாலும் முகம் சுளிக்க மாட்டார். எங்கள் வீட்டுக்காரர் காலில் அடிபட்டுப் படுத்திருந்தபோது இரண்டு மாதம் எங்கள் வீட்டில் உலை வைத்தது அவர்தான். அப்போதும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் சமைத்தார். பிறகு இவருக்குப் பர்மனென்ட் ஆர்டர் வந்தது, பிள்ளைகள் வளர்ந்தார்கள், நாங்களும் பேச ஆரம்பித்தோம். எந்திரத்தைப் பற்றி மட்டும் பேசியதில்லை. அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அலமாரிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

கடைசி இரண்டு மாதம் அக்கா படுக்கையில் இருந்தார். மருமகள் வேலைக்குப் போனதும் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். ஒரு நாள் பகலில், கஞ்சி குடித்துவிட்டுத் தெளிவாக இருந்தார். கேட்டுவிட்டேன். மனசு கேட்கவில்லை.

"அக்கா, உண்மைய சொல்லு. அன்னிக்கி யாருக்கு விசிறுன?"

என்றைக்கு, எங்கே என்று அவர் கேட்கவே இல்லை.

"ரெண்டுக்குந்தாண்டி. புள்ளைக்கு வேர்த்துது. அந்த எந்திரமும் வேணும்னு இருந்துது."

"எதுக்கு அந்த இரும்புன்னு நீதான சொன்ன?"

"நீ ஆசப்பட்டியே. அதான்."

நாற்பது வருடம் எங்கள் குடும்பத்தில் பொறாமைக்காரி நான் ஒருத்திதான் என்று நானே நம்பியிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார், இருமல் வந்து நான் நெஞ்சைத் தடவிவிட்டேன். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

அக்காவைக் கண்ணுங்கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், வேலைக்கும் போய் வந்து இரவெல்லாம் கண் விழித்த மருமகளுக்கும், பந்தல் முதல் பதினாறாம் நாள் காரியம் வரை முன்னின்று செய்த பிளாக் நண்பர்களுக்கும், இன்று தொலைவிலிருந்து வந்திருக்கும் உறவினர்களுக்கும் குடும்பத்தார் சார்பில் என் நன்றி. நான் சொன்னதை நம்பாமல் அக்காவுக்காகப் பரிந்து பேசியவர்களுக்கும் நன்றி. நான் சொன்னதுதான் சரி, இப்போதாவது ஒத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு மட்டும் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஓலைக் கூரையின் கீழ் இருந்த ஒருத்தியின் ஆசையைப் பார்த்து, அவள் ஆசைப்பட்டதைவிடப் பெரிது எதுவும் அந்த ஏலத்தில் இல்லை என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான்.