வசந்தாவுக்கு அனுப்பிய பொய்

தேனாம்பேட்டையில் எங்கள் ஆபீசின் இன்டர்நெட் போனில் இன்று ஒரு புது வசதி சேர்த்தார்கள். பேச வேண்டாம், கம்ப்யூட்டரில் தட்டினால் அடுத்த மேஜைக்குச் செய்தி போய்விடுமாம்.

"யார் யார் படிக்கலாம்?" என்று பொருத்த வந்தவரைக் கேட்டேன்.

"அனுப்பறவங்க, வாங்கறவங்க. அவ்ளோதான் மேடம்."

சொல்லும்போது அவர் பார்த்தது என்னை அல்ல, மேனேஜரின் கண்ணாடி அறையை.

இதுவரை ரகசியம் என்றால் ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்து மேஜை வசந்தாவிடம் சொல்வேன். இதில் எதைப் பொத்துவது?

சோதித்துப் பார்க்க அவளுக்கு ஒரு பொய்யைத் தட்டினேன்: "அடையாறில் எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. யாரிடமும் சொல்லாதே."

வசந்தா சாப்பிடப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் மேனேஜர் என் மேஜைக்கு வந்து நின்றார். பதினொரு வருஷத்தில் முதல் முறை.

"உங்களுக்கு இங்க என்ன மேடம் குறை?"

"ஒண்ணும் இல்லையே சார். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

அடையாறு வேலை பொய் என்று நான் சொல்ல வேண்டுமானால், செய்தியைப் படித்தேன் என்று முதலில் அவர் சொல்ல வேண்டும். அதுவரை நான் வேலையை விடப்போகிறவள்தான்.

இதிலிருந்து தப்பிக்க உங்களிடம் யோசனை இருந்தால் எழுதுங்கள். வீட்டு ஈமெயிலுக்கு மட்டும்.