இரண்டு துண்டு ஸ்காட்ச் டேப்

நான் ஒரு பெண்ணின் குரலை அழித்திருக்கிறேன்.

பதறாதீர்கள். இரண்டு துண்டு ஸ்காட்ச் டேப்பில் முடிந்த வேலை அது. ‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்று வீட்டில் சொன்னேன். அது பொய். தெரிந்தேதான் செய்தேன்.

போன வாரம் நியூஜெர்சி எடிசனில் ஒரு பிறந்தநாள் விழா. பையன்கள் ராப் பாட்டு போட்டார்கள். என் வயது அங்கிள்கள் எல்லோரும் பஜ்ஜியோடு வெளியே நகர்ந்துவிட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். “அங்கிள், உங்களுக்கு ராப் பிடிக்குமா?” என்று ஒரு பெண் ஆச்சரியமாகக் கேட்டாள்.

பிடிக்கும். எப்படிப் பிடித்தது என்று சொல்ல வேண்டுமானால் அந்த ஸ்காட்ச் டேப்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் இருந்தோம். என் மகள் அனு ஹைஸ்கூலில் படித்தாள். ஒரு சனிக்கிழமை தோழியோடு ஓக்லண்ட் போனவள், ஒரு பார்க்கிங் லாட்டில் கார் டிக்கியைத் திறந்து வைத்துக் கேசட் விற்றுக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண்ணே எழுதி, அந்தப் பெண்ணே பாடி, சொந்தச் செலவில் போட்ட முதல் ராப் கேசட். அட்டையில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

அந்தப் பாடகியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் தேடிப் பிடித்துக் கேட்பீர்கள். அப்புறம் திட்டு எனக்கு வரும்.

கொஞ்ச நாளில் எனக்கு வேலை மாறியது. நாட்டின் மறுகோடிக்கு, நியூஜெர்சியில் பார்சிப்பனிக்குக் குடிவந்தோம். அனுவுக்குப் பழைய தோழிகள் இல்லை, பழைய வெயில் இல்லை... அந்தக் கேசட் மட்டும் இருந்தது. அது ஓடிக்கொண்டே இருந்தது. கதவைத் தாண்டி எனக்குக் கேட்டதெல்லாம் கெட்ட வார்த்தைகள்தான். ஒரு பாட்டில் பத்துச் சொல் இருந்தால், பிடிக்காத இரண்டு சொல்லை மட்டும் காது எப்படித்தான் பொறுக்கி எடுக்குமோ?

அப்போது பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்கு ஊரிலிருந்து ஒருவர் உபன்யாசம் செய்ய வந்தார். ரெக்கார்ட் பண்ணலாம் என்று டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கேசட் வேண்டுமே?

டிராயரைத் திறந்தேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத வெற்று கேசட்டுகள் இருந்தன. மூடினேன். அனுவின் அறைக்குப் போய் அந்தக் கேசட்டை எடுத்தேன்.

கேசட் காலத்து ஆட்களுக்குத் தெரியும். பாட்டோடு விற்கிற கேசட்டின் முதுகில் இரண்டு சதுர ஓட்டைகள் இருக்கும். அவை இருந்தால் அதன்மேல் எதையும் பதிவு செய்ய முடியாது. நம் ஆட்களுக்கு அதெல்லாம் ஒரு தடையா? ஓட்டையின் மேல் ஸ்காட்ச் டேப்பை ஒட்டினால் முடிந்தது கதை. ஒட்டினேன். ‘கோவிந்தா, கோவிந்தா’ என்ற கோஷத்தோடு இரண்டு பக்கமும் பதிவானது.

அன்று மாலை அனு கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“தெரியாம எடுத்துட்டேம்மா. ஏதோ பழைய கேசட்னு நினைச்சேன்” என்றேன்.

அவள் அழவில்லை. கேசட்டைத் திருப்பி முதுகைக் காட்டினாள்.

“யூ டேப்ட் த ஹோல்ஸ், அப்பா. பை ஆக்சிடென்ட்?”

நான் எஞ்சினியர். டேப் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாது என்று எனக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகு அவள் என்னோடு சண்டை போடவில்லை. பேசவும் இல்லை. உப்பு எங்கே, கார்ச்சாவி எங்கே என்ற அளவில் எங்கள் உறவு நின்றது. காலேஜுக்கு டெக்சாஸில் ஆஸ்டினைத் தேர்ந்தெடுத்தாள். நியூஜெர்சியிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தாள் என்பது என் சந்தேகம். ஃபோன் செய்வாள். நான் எடுத்தால் ஒரே வாக்கியம்: “இஸ் அம்மா தேர்?”

இந்த நிலையில்தான் கோயில் நண்பர் ஒருவர் அந்த உபன்யாசத்தைக் காப்பி எடுத்துக்கொள்ளக் கேட்டார். கொடுத்தேன். அடுத்த வாரம் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது பிரசாத வரிசையில் பிடித்துக்கொண்டார்.

“சார், உபன்யாசம் பிரமாதம். ஆனா மங்களம் முடிஞ்சப்புறம் ஒரு லேடி மூச்சு விடாம பேசறாங்களே... அது இங்கிலீஷ் டிரான்ஸ்லேஷனா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டுக்குப் போகக்கூட இல்லை, காரிலேயே போட்டுக் கேட்டேன். பெரியவர் சீக்கிரம் முடித்துவிட்டதால், இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் பாதி தப்பித்திருந்தது! பாடுகிறவளின் அம்மா வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப் பற்றிய பாட்டு. பஸ் வரவில்லை, மழை வருகிறது. மூன்று வரிகளுக்குத் தொடர்ந்து எதுகை வைக்கிறாள். தாளத்தில் அரை இடம் தள்ளி எடுக்கிறாள். ஸ்டியரிங்கில் என் விரல்கள் தாமாகவே தட்டத் தொடங்கின.

இதையா அழித்தேன்?

தேடத் தொடங்கினேன். அதற்குள் அவள் பெரிய கம்பெனியில் சேர்ந்து இரண்டு ஆல்பம் போட்டிருந்தாள். சிங்கிள்கள், ரீமிக்ஸ்கள் தனி. ‘ஃபீச்சரிங்’ என்று ஒன்று உண்டு — மற்றவர் பாட்டில் இவள் நடுவில் நுழைந்து, தனி ஆவர்த்தனம் வாசித்துவிட்டுப் போவது போல. அதையும் விடவில்லை. சி.டி. வந்துவிட்ட காலம், ஆனாலும் எல்லாவற்றையும் கேசட்டிலேயே வாங்கினேன். குற்றம் நடந்தது கேசட்டில் அல்லவா?

ஆபீஸ் வேலையாகக் கலிஃபோர்னியா போனபோது ஓக்லண்டில் பழைய இசைத்தட்டு விற்கும் கடை ஒன்றில் முதல் கேசட்டைக் கேட்டேன். கடைக்காரப் பெண்மணி என் முழுக்கைச் சட்டையையும் நெற்றித் திருநீற்றையும் பார்த்தார்.

“ஃபார் யுவர் டாட்டர்?”

“நோ, நோ. ஃபார் மீ.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆனால் சொன்னபோது அது உண்மையாகவே இருந்தது. அவர் சிரித்துவிட்டார். முதல் கேசட் மட்டும் எங்குமே கிடைக்காது என்றார். கொஞ்சம்தான் போட்டாளாம், பெரிய கம்பெனியும் அதை மறுபடி வெளியிடவில்லையாம். என்னிடம் இல்லாத மற்றவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, “கிளீன் ஆர் எக்ஸ்ப்ளிசிட்?” என்று கேட்டார். பழைய சாமான் கடை ஆயிற்றே. சுத்தமான கேசட் வேண்டுமா, அழுக்குக் கேசட் வேண்டுமா என்கிறார் என்று நினைத்தேன். “கிளீன், ப்ளீஸ்” என்றேன். பார்சிப்பனியில் பழைய கேசட் விற்கும் கடைகளிலும் இதே கேள்விக்கு இதே பதிலைத்தான் சொல்லியிருந்தேன்.

அந்த வசந்தத்தில் நானும் என் மனைவி சரோஜாவும் ஆஸ்டினுக்குப் போனோம். வாடகைக் காரில் மூவரும் ஹூஸ்டனில் இருக்கும் உறவினர் வீட்டுக்குக் கிளம்பினோம். சாலையோரமெல்லாம் நீலமாகப் பூத்துக் கிடந்தது. பின்சீட்டில் சரோஜா. ஓட்டிக்கொண்டிருந்த என் பக்கத்தில் அனு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி. நான் வாங்கிச் சேர்த்த கேசட்டுகள் இருந்த பெட்டியை அவள் மடியில் வைத்தேன்.

திறந்தாள். ஒன்றை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

“அப்பா... வாட் இஸ் திஸ்?”

“எல்லாம் கேட்டுட்டேன்மா. நல்லா இருக்கு. முக்கியமா அந்தக் கார்வை! விறுவிறுன்னு போயிட்டிருக்கும்போதே சட்டுனு நிறுத்தறா பாரு, தாளம் மட்டும் ஓடும், மறுபடி கரெக்டா வந்து சேந்துக்கறா. எவ்வளவு அடக்கம்!”

கார்வை என்றால் இசையில் வேண்டுமென்றே விடும் இடைவெளி. அவளுக்கு விளக்கிச் சொல்லி, கேசட்டைப் போட்டும் காட்டினேன். இதோ ஒரு கார்வை... இதோ இன்னொன்று...

அனு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன்.

“அப்பா, தட்ஸ் நாட் கார்வை! தட்ஸ் த எஃப் வேர்ட்! கட் பண்ணியிருக்காங்க! யூ பாட் த கிளீன் வெர்ஷன்!”

“எல்லாத்துலயுமா?”

“எவ்ரி சிங்கிள் ஒன்!”

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு ரோடு தெரியவில்லை. “என்னங்க, முதல்ல வண்டிய ஓரங்கட்டுங்க” என்றாள் சரோஜா. ஒரு கேஸ் ஸ்டேஷன் பார்க்கிங் லாட்டில் நிறுத்தினேன்.

எஞ்சினை அணைத்ததும்தான் தைரியம் வந்தது.

“அனு... அன்னிக்கு டிராயர்ல வெற்று கேசட் இருந்துச்சும்மா. பார்த்துட்டுத்தான் உன்னுதை எடுத்தேன். தெரியாமன்னு சொன்னது பொய்.”

“ஐ நோ, அப்பா.” சிரிப்பு நின்றிருந்தது. “உபன்யாசத்துக்கு உங்களுக்கு வேணும்னு அம்மா சொன்னாங்க. ஐ பாட் தெம் ஃபார் யூ.”

வெற்று கேசட்டுகளை எனக்காக வாங்கி வைத்தவளே அவள்தான். இத்தனை நாள் அவள் காத்திருந்தது அந்தக் கேசட்டுக்காக இல்லை. நான் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காக.

கடைசியாக அந்தப் பழைய உபன்யாசக் கேசட்டைப் போட்டேன். மங்களம் முடிந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அம்மா வந்தாள். பாதிப் பாட்டு. அனு நிமிர்ந்து உட்கார்ந்து கூடவே முணுமுணுத்தாள். பாட்டு முடிந்து டேப் ‘டக்’ என்று நின்றது.

அனு நிற்கவில்லை. தப்பிக்காத முதல் பாதியை அவளே சொல்ல ஆரம்பித்தாள். அப்புறம் அதற்கு முந்தைய பாட்டு. அதற்கும் முந்தையது... முழுக் கேசட்டும் அவளுக்கு மனப்பாடம்! நான் அழித்தது பிளாஸ்டிக்கில் இருந்ததை மட்டும்தான்.

“இரு, இரு” என்றேன். வாடகைக் காரில் கேசட் பிளேயர் இல்லாவிட்டால் உதவுமே என்று கொண்டுவந்திருந்த அதே பழைய டேப் ரெக்கார்டரை டிக்கியிலிருந்து எடுத்துவந்தேன். அதே கேசட்டை உள்ளே போட்டேன். ஓட்டைகளில் ஸ்காட்ச் டேப் அப்படியே இருந்தது. உபன்யாசம் போனால் போகட்டும், நண்பரிடம் காப்பி இருக்கிறது.

“அம்மா, பேட் வேர்ட்ஸ் வரும். காதை மூடிக்கோ.”

“எனக்கென்னடி, நீ பாடு. எங்கே வருதுன்னு மட்டும் கண்ணைக் காட்டு, நான் பாத்துக்கறேன்.”

அனு பாடினாள். நான் டாஷ்போர்டில் தாளம் போட்டேன். பெட்ரோல் போட வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கௌபாய் தொப்பிக்காரர் ஒருவர் கைகூடத் தட்டினார்.

முடிந்ததும் கேசட்டை வெளியே எடுத்து இரண்டு ஸ்காட்ச் டேப்பையும் உரித்து எறிந்தேன். இனி யாரும் அதன்மேல் கைவைக்க முடியாது. என்னையும் சேர்த்துத்தான்.

இப்போது அனு ஃபோன் செய்தால் அம்மாவைக் கேட்பதில்லை. புது ஆல்பம் கேட்டீர்களா என்றுதான் ஆரம்பிக்கிறாள். அந்தக் கேசட் என் மேஜையில்தான் இருக்கிறது. கெட்ட வார்த்தை வரவேண்டிய இடத்திலெல்லாம், சரியாகத் தாளத்தில், சரோஜாவின் குரல் ‘கோவிந்தா!’ என்கிறது.

இதுவும் கிளீன் வெர்ஷன்தான்.