வெங்காயத் தோலும் ஒரு லென்ஸும்

அன்று ஆய்வறையில் இருந்தது நாலு பேர்: சயின்ஸ் மிஸ், செல்வி, நசீமா, நான். இன்று எங்கள் பஜ்ஜிக் கடைக்கு வெங்காயம் உரிக்கையில் உள்தோல் ஈரமாக விரலில் ஒட்டியதும் அந்த மத்தியானம் நினைவுக்கு வந்துவிட்டது.

மிஸ் ஒரு டிரஸ்டுக்கு மூணு தடவை எழுதிப் போட்டு, கிடைத்த பணத்தில் எங்கள் அரசுப் பள்ளிக்கு ஒரு மைக்ராஸ்கோப் வாங்கியிருந்தார். அதில் வெங்காயத் தோலைப் பார்க்கச் சொன்னார். செல்விக்கும் நசீமாவுக்கும் கட்டம் கட்டமாகத் தெரிந்ததாம். எனக்கு வெறும் வெளிச்சம்தான். எனக்கு மட்டும் தெரியாமலே போய்விடுமோ என்று பயந்து திருகிக்கொண்டே இருந்தேன். லென்ஸ் இறங்கி அடியிலிருந்த கண்ணாடியில் இடித்து, அதில் கீறல் விழுந்துவிட்டது.

"ஜாஸ்தி திருகாதடின்னேன், கேட்டியா?" என்றாள் செல்வி.

மிஸ் சிரித்தார். "அழாதம்மா. டிரஸ்டுக்காரங்க பார்க்க வருவாங்க, அதுக்குள்ள என் காசுல மாத்திடறேன். அறுநூறு ரூபா. நீ வேலைக்குப் போய்க் குடு."

விளையாட்டாகத்தான் சொன்னார். பணமில்லாமல் அவர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு நான் திங்கட்கிழமை பள்ளிக்குப் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை.

இன்று பௌர்ணமி. மிஸ் கிரிவலப் பாதையிலிருக்கும் எங்கள் கடையைத் தாண்டித்தான் மலை சுற்றுவார். அவருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை மடித்து டப்பாவில் வைத்து எத்தனையோ பௌர்ணமி ஆகிவிட்டது. அவர் தலை தெரிந்ததும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். இன்னும் பாக்கி, அறுநூறு ரூபாய்.