சிவப்புத் துணி கட்டிய கத்தரிக்காய்

இதை எழுதுவோமா விடுவோமா என்று பல வருடம் இழுத்தடித்துவிட்டேன். எழுதினால் கோயிலில் இருக்கும் அம்மாளைக் குறை சொன்னதாகிவிடுமோ என்ற பயம்தான்.

நாங்கள் வாழ்ந்த நாடு கம்யூனிச நாடல்ல. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடு மட்டும் அப்படி; அப்பா கம்யூனிஸ்ட். சாமிப்படம் இல்லை. வாசல் படலைக்குப் பூட்டில்லை. அப்பாவின் கத்தரித் தோட்டத்தில் யார் கேட்டாலும் காயும் கொடுக்க வேண்டும், கன்றும் கொடுக்க வேண்டும். முகம் சுளித்தால், "உன்ரை எண்டு ஒண்டும் இல்லைப் பிள்ளை" என்பார். நானும் அம்மாவும் மாட்டுக்கொட்டிலுக்குள் ஒளித்துத் திருநீறு பூசி, அழித்துவிட்டு வெளியே வருவோம். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விதைக்கு விடும் காயை ஒருவரும் செடியிலிருந்து ஆயாமலிருக்க அப்பா அதில் சிவப்புத் துணி கட்டுவார். மே தினப் பதாகையில் கிழித்த துணி. நான் கலியாணம் முடித்துச் சிட்னிக்கு வரும்போது அவர் தந்த ஒரே சீதனம் அந்த விதைதான். விமான நிலையத்தில் காட்டினேன், பார்த்துவிட்டு விட்டார்கள். பிறகு அப்பாவும் இல்லை, ஊர்த் தோட்டமும் இல்லை. சிட்னியில் கிரவீன் என்ற இடத்து எங்கள் வீட்டுப் பின்வளவில் வருடா வருடம் அந்த விதையைக் காப்பாற்றினேன். அவரைப் போலவே சிவப்புத் துணியும் கட்டினேன். கன்று மட்டும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. என்னுடையது என்று ஒன்றாவது இருக்கட்டுமே!

ஒரு வருடம் கையிலிருந்த விதை முழுவதையும் போட்டும், இரவில் வரும் பொசம் என்ற பிராணி தின்றது போக ஒரு செடிதான் மிஞ்சியது. குளிர் தொடங்கும் நேரம் அதில் ஒரே ஒரு காய். துணி கட்டிவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் வந்து பார்த்தால் காயைக் காணவில்லை. எங்கள் வளவில் அம்மாள் கோயிலுக்குப் பூ ஆயும் பக்கத்துத் தெரு அன்ரிக்குப் போன் எடுத்தேன்.

"ஓம் பிள்ளை, நான்தான் ஆய்ஞ்சனான். சிவப்புத் துணி கட்டியிருந்தது. அம்மாளுக்கு நேந்து விட்டதெண்டு கொண்டுபோய்க் குடுத்தனான்."

"ஐயோ அன்ரி, அது எங்கட கம்யூனிஸ்ட் அப்பா தந்த விதைக்காய்! இப்ப எங்க?"

"மத்தியானமே அன்னதானக் குழம்புக்குள்ள போட்டாச்சு. நல்ல ருசியாம். ஏன் பிள்ளை அழுறாய்? அம்மாளுக்குத்தானே போனது!"

அம்மாளோடு சண்டை பிடிக்க முடியுமா? செடியும் அந்தக் குளிரோடு பட்டுப்போனது. அப்பா இருந்திருந்தாலும் அன்ரி பக்கம்தான் நின்றிருப்பார். பசித்த சனம்தானே சாப்பிட்டது என்றிருப்பார். ஒரு கன்று, ஒரே ஒரு கன்று அந்த அன்ரிக்குக் கொடுத்திருந்தால், அவவின் வளவில் போய் ஒரு காய் கேட்டிருப்பேன். விளக்கேற்றும்போதும் இதுதான் வந்து நிற்கிறது. தேவாரம் பாதியில் தடக்கிவிடுகிறது.

கோயிலில் கதை இப்போது வேறு மாதிரிப் போகிறது. கம்யூனிஸ்ட்டின் கத்தரிக்காயை அம்மாள் தானே கேட்டு வாங்கினாவாம். அப்படி இல்லை. அப்பா கடைசிவரை கும்பிடவில்லை. நான் கன்று கொடுக்கவில்லை, விதை போய்விட்டது. யாருக்காவது சொல்வதென்றால் இப்படியே சொல்லுங்கள். அற்புதம் ஒன்றும் சேர்க்க வேண்டாம்.