மேடம் வீட்டுச் சாவி

ரயிலுக்கு நேரம் இருக்கிறது என்று டெல்லி ஜந்தர் மந்தர் பக்கம் நடக்கிறேன். போராட்டப் பந்தலில், பிழைக்க வந்து இங்கேயே குடியிருக்கும் நம்மூர்ப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். போன வாரம் இவர்களுடைய குடிசைகளை இடித்துவிட்டார்கள். வீடு போய்ச் சாவிதான் மிச்சம். ஆளுக்கொன்றை ஊக்கில் மாட்டித் தோளில் குத்தியிருக்கிறார்கள்.

ஒரு அக்காவின் தோளில் மட்டும் பளபளவென்று பெரிய பித்தளைச் சாவி. என் வாய் சும்மா இருக்குமா?

"என்னக்கா, உங்களது மட்டும் பங்களாவா?"

"அட போ தம்பி! எங்க கதவுக்கு ஏது பூட்டு? கம்பியாலதான் கட்டுவேன். எல்லாரும் குத்தியிருக்கயில நான் மட்டும் வெறுந்தோளோட உக்காரவா? இது நான் வேல செய்யுற மேடம் வீட்டுச் சாவி."

அவள் போன் அடிக்கிறது. இந்தியில் ஒரே கத்தல், எனக்கே கேட்கிறது.

"என்னவாம்க்கா?"

"மேடம் சாவி இல்லாம வாசல்ல நிக்கிறாங்களாம். ஜல்தி வரலேன்னா வேல போயிருமாம்."

"அப்ப கெளம்புங்க!"

ஊக்குவரை போன அவள் கை நிற்கிறது.

"பத்து நிமிசம் வெளிய நிக்கிறதுக்கே இந்தக் கத்து கத்துறாங்க, பாரேன்."

பந்தலில் கோஷம் தொடங்குகிறது. போனை அணைத்து மடியில் செருகிக்கொண்டு, அவளும் கத்துகிறாள்.